வைஸில் திருப்பி வைத்த துண்டு

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி. தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியிலிருந்து வந்த டீமேக்கர் ஐயா, அங்கே தூள் தயாரிப்பதைப் பார்க்கிறவர். அவருடைய வேன் டிரைவர், சிங்களவர், வாசலோடு நின்றுகொண்டார். கட்டாரிலிருந்து திரும்பி எங்களோடு சேர்ந்து நான்கு மாதமான வெல்டர். பிறகு நான், அதே பட்டறையில் பதினொரு வருடமாக இருப்பவன். வேறு யாரும் இல்லை. இதைக் கணக்காகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்ததை மற்ற நாலு பேரில் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று பிறகு பல நாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பட்டறை ஹட்டனிலிருந்து டிக்கோயா போகிற பாதையில் இருக்கிறது. கேட், கிரில், லொறிக்குப் பின்னால் கட்டுகிற பொடி, கொழுந்து ஏற்றுகிற டிராக்டர்ப் பெட்டி என்று வருவதையெல்லாம் ஒட்டிக் கொடுப்போம். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரும்பு ஒட்டுவதைக் கண்ணும் கையும் சுட்டுத்தான் படித்தேன். அலுமினியம் ஒட்டுகிற ஆர்கன் வெல்டிங், படித்தவர்கள் டிக் என்று சொல்வது, எங்களிடம் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மெஷினை இறக்கி வைத்த அன்றே முதலாளி, "நீதானப்பா பழகணும்" என்று சொல்லிவிட்டார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். வெடித்த ரேடியேட்டர், பால் கேன், கோயில் கூரைத் தகடு எல்லாம் என் கைக்கு வந்தன. ஹட்டனில் அலுமினியம் என்றால் அந்தப் பட்டறையில் ஒருவர் இருக்கிறார் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த ஒருவர் நான்தான்.

அப்புறம் அவன் வந்தான்.

என்னைவிட ஆறு வயது இளையவன். ஏழு வருடம் கட்டாரில் பைப் வேலை. என்னை மரியாதையாக அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கடுகடுப்பாக ஒரு வார்த்தை பேசினால் நானும் திருப்பிப் பேசி மனதை ஆற்றிக்கொள்ளலாம். அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மெல்லிய ஆட்டுத்தோல் கையுறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பான். வேலை தொடங்குவதற்கு முன் ஸ்டூலை இரண்டு தரம் நகர்த்திப் பார்ப்பான். பிறகு உட்கார்ந்தால் முழங்கை அசையாது. அவன் போட்ட ஒட்டைப் பார்த்தால், ஒரே அளவுச் சில்லறைக் காசுகளைச் சாய்த்து அடுக்கிய மாதிரி இருக்கும். ஒரு நாள் அவன் இல்லாதபோது ஒரு விரல் நீளத்துக்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணினேன். என்னுடையதையும் எண்ணினேன். என்னுடையதில் எண்ண முடியவில்லை. சில இடத்தில் வரி, சில இடத்தில் கட்டி.

அதை அவன் போனில் ஸ்டேட்டஸாகவும் போடுவான். என் மனைவி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே என் போனை எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஒட்டுனது? மீன் செதிலு மாதிரி இருக்கு."

"புதுசா வந்தவன்."

"நீங்க ஒட்டுனா ஏன் இப்பிடி வர மாட்டேங்குது?"

"நான் ஒட்டுனா நிக்கும். அழகுக்கா ஒட்டுறோம்?"

"நான் என்னா சொல்லிட்டேன். சாப்புடுங்க" என்றாள்.

அன்று முதல் அவனுடைய ஸ்டேட்டஸை அவளுக்குத் தெரியாமல்தான் பார்ப்பேன். ஆனால் பார்க்காமல் இருந்ததில்லை.

டீமேக்கர் ஐயா வந்த காரியம் இதுதான். பெக்டரியின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டப் போடுவார்கள். கொழுந்துச் சாக்குகளை அங்கே கொண்டுபோகக் கூரைக்குக் கீழே ஒரு தண்டவாளம் ஓடுகிறது. அதிலிருந்து இரும்புக் கைகள் தொங்கும், கைக்கு ஒரு சாக்கு. அந்தக் கைகள் துருப்பிடித்துப் பொருக்கு கொழுந்தில் விழுவதாகப் பரிசோதனைக்கு வந்தவர்கள் எழுதிவிட்டார்களாம். அதனால் நாற்பது கை அலுமினியத்தில் வேண்டும். தண்டவாளத்துக்குக் கீழே நாள் முழுக்கப் பெண்கள் நின்று கொழுந்து பரப்புவார்கள். என் மனைவியும் அங்கேதான் வேலை.

"ரெண்டு பேரு ஒட்டுறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் ஐயா. "நாப்பதும் ஒரே கை ஒட்டுனதா இருக்கணும். யாரு கைன்னு நான் பாக்கணும். தலைக்கி மேல தொங்குற சாமான்."

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். "சரிங்கய்யா. ஆளுக்கு ரெண்டு துண்டு ஒட்டட்டும். ஒடச்சிப் பாப்போம். யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் வேல." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இனிமே அலுமினியமும் அவங்களுக்குத்தான். மெஷின் ஒண்ணு, ரெண்டு பேரு மாறி மாறித் தொட்டா சரிவராது" என்றார்.

தோற்றவனுக்குக் கேட்டும் கிரில்லும். பதினொரு வருடத்துக்குப் பிறகு நான் மறுபடியும் கேட்டுக்குப் போவதா என்று நினைத்தேன்.

ஆறு மில்லித் தகடு. ஒன்றைப் படுக்க வைத்து, இன்னொன்றை அதன் மேல் நிமிர்த்தி வைத்து, ஒரு பக்க மூலையில் மட்டும் ஒட்ட வேண்டும். முதலில் அவன் உட்கார்ந்தான். காலை ஒன்பது மணி இருக்கும், பனி பட்டறைக்குள் வரைக்கும் வந்து நின்றது. தகடு தொட்டால் ஐஸ். அவன் கேஸ் டோர்ச்சால் தகட்டைச் சூடாக்கினான். விரலில் தண்ணீர் தொட்டுத் தெளித்தான். சீறிக்கொண்டு உலர்ந்ததும்தான் தொடங்கினான். நான் அப்படிச் செய்ததே இல்லை. இப்போது செய்தால் அவனைப் பார்த்துச் செய்ததாகிவிடும் என்று என் முறை வந்தபோது செய்யாமல் விட்டேன்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. பளபளவென்று இருந்துகொண்டே இருந்து திடீரென்று சோறு குழைந்த மாதிரி விழுந்து ஓட்டையாகிவிடும். எனக்கு எதிலும் பயம். கேஸ் மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவன் நான். ஓட்டை விழுந்துவிடுமோ என்று கரண்டைக் கூட்டிக் குறைக்கிற கால் பெடலிலிருந்து காலை எடுத்துக்கொண்டே ஒட்டுவேன். அன்று ஐயா பக்கத்தில் நின்றதால் இன்னும் அதிகமாக எடுத்தேன்.

ஒட்டி ஆறியதும் முதலாளி சுத்தியலை என்னிடம் நீட்டினார். பட்டறையில் ஒட்டைச் சோதிப்பது எப்போதும் நான்தான். "இவன் எதயும் நம்ப மாட்டான், அதுனால இவன்கிட்ட குடுக்குறது" என்று ஐயாவிடம் சொன்னார். ஐயா சிரித்தார். நானே ஒட்டி நானே உடைப்பது நியாயமா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

சோதிக்கிற விதம் இது. படுத்த தகட்டை, மேசையில் பூட்டிய இரும்புப் பிடியான வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நிமிர்ந்த தகட்டை ஒட்டு இல்லாத வெறும் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். அப்போது அது ஒட்டின் மேலேயே கவிழும், ஒட்டின் அடி வாய் திறக்கும். உலோகம் அடிவரை உருகி இறங்கியிருந்தால் தகடு மடியும், ஒட்டு விடாது. மேலாக ஒட்டியிருந்தால் பல் பிடுங்கினாற்போல் கழன்று வரும். ஆனால் ஒட்டு இருக்கிற பக்கத்திலிருந்து அடித்தால் வேறு. அடி மூடிக்கொள்ளும். சோம்பேறி ஒட்டும் தாங்கிவிடும்.

அவனுடைய முதல் துண்டை வைத்தேன். வெறும் பக்கத்திலிருந்து அடித்தேன். வழக்கமாக அடிப்பதைவிடப் பலமாக அடித்தேன். நாலாவது அடியில் தகடு முழுதாக மடிந்து படுத்துவிட்டது. ஒட்டில் ஒரு கீறலும் இல்லை. இரண்டாவதில் இன்னும் பலமாக அடித்தேன். மடிந்தது. ஆனால் ஒட்டு முடிகிற இடத்தில், ஒட்டுக்கு உருக்கி விடுகிற கம்பியை எடுத்த சின்னக் குழியில், நகக்கண் அளவு ஒரு வெடிப்பு தெரிந்தது. கடைசிக் குழியை நிரப்பாமல் விட்டிருக்கிறான். எல்லோருக்கும் நடக்கிறதுதான். எனக்கு அந்த வெடிப்பைப் பார்த்ததும் தீபாவளி வந்த மாதிரி இருந்தது.

"இந்தா, இங்க வெடிச்சிருக்குங்கய்யா" என்று நானே விரலை வைத்துக் காட்டினேன்.

"ஆமாங்கய்யா, கடைசில கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றான் அவன்.

பிறகு என்னுடையது. துண்டைக் கையில் எடுத்தேன். வைஸில் வைக்கும்போது திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன், அதே கையால் அடித்தேன். ஒட்டு என் பக்கம் இருந்தது. நாலு அடியில் தகடு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒட்டு அப்படியே இருந்தது. இரண்டாவதையும் அப்படியே செய்தேன்.

முதலாளிக்கு இரும்பு வியாபாரம் தெரியும், இது தெரியாது. ஐயாவுக்குத் தேயிலை தெரியும். டிரைவர் வாசலில் போனில் "ஹரி, ஹரி" என்று, சிங்களத்தில் சரி சரி என்று, யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மட்டும் வைஸைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையுறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"பாக்க அவரோடது அழகா இருக்கு" என்றார் ஐயா. "ஆனா ஒண்ணு வெடிச்சிருச்சு. இவருது வெடிக்கல. இவரே செய்யட்டும்."

வேலை எனக்குக் கிடைத்தது.

பொறாமை அதோடு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. நான் மூலையில் அலுமினியத்தோடு இருந்தேன். அவன் முற்றத்தில் ஒரு வீட்டுக்காரருக்குக் கேட் செய்துகொண்டிருந்தான். அந்தக் கேட்டும் நன்றாக இருந்தது. வந்த வீட்டுக்காரர் முதலாளியிடம், "இந்தத் தம்பிக்கிட்டயே ஜன்னல் வேலையும் குடுங்க" என்றார். நான் டோர்ச்சை அணைத்துவிட்டு அதைக் கேட்டேன். முதலாளி என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, எத்தனை முடிந்தது என்று மட்டும் கேட்பார். அவன் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. போகிற வருகிற வேளையில் நின்று பார்ப்பதுகூட இல்லை. பார்த்திருந்தால், என்ன பார்க்கிறாய் என்று கேட்டிருப்பேன்.

மூன்று வாரத்தில் நாற்பதும் முடிந்தன. வேனில் ஏற்றி அனுப்பினோம். அடுத்த வாரம் பெக்டரி ஓடாத நாளில் மாட்டப்போவதாக ஐயா சொல்லியனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை மனைவி வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னாள். "கையெல்லாம் மேல கொண்டாந்து அடுக்கியிருக்காங்க. எல்லாருக்கிட்டயும் சொன்னேன், நம்ம வீட்டுக்காரரு ஒட்டுனதுன்னு. ஒருத்தி கேக்குறா, ஒம்புருசன் ஒட்டுனது ஒந்தலையில விழாம இருக்குமாடின்னு."

"நீ என்னா சொன்ன?"

"விழுந்தா எந்தலையிலதான விழும், ஒனக்கென்னாடின்னேன்."

அவள் சிரித்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கோயிலுக்குப் போனதும், பட்டறையில் மிச்சம் கிடந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு துண்டை வெளியே எடுத்தேன். நாற்பதையும் ஒட்டிய அதே வாரங்களில், அதே மாதிரி நான் ஒட்டியது. சுத்தியலால் அடிக்கவில்லை. அடித்தால் எந்தப் பக்கம் அடிப்பேன் என்று எனக்கே என்னை நம்ப முடியவில்லை. வாள் பிளேடால் ஒட்டைக் குறுக்கே அறுத்தேன். அறுத்த முகத்தை அரத்தால் தேய்த்து, பிறகு தண்ணீர் தொட்டு எமரித் தாளால் கண்ணாடி மாதிரி வரும்வரை தேய்த்தேன். சாக்கடைக் கான் அடைப்புக்கு வாங்கி வைத்த கோஸ்டிக் சோடாவை வெந்நீரில் கரைத்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வெளியே, காற்று வருகிற இடத்தில், பழைய பேசினுக்குள் துண்டைப் போட்டேன். நுரைத்தது. எடுத்துக் கழுவி, மேலே படிந்த கறுப்பை எலுமிச்சம்பழத் தோலால் துடைத்தேன்.

இப்படிச் செய்தால் ஒட்டு தகட்டிலிருந்து தனி நிறமாகத் தெரியும். எங்கே வரை உருகியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். இரண்டு தகடும் சேருகிற இடம் ஒரு கறுப்புக் கோடாக வரும். நல்ல ஒட்டில் அந்தக் கோடு மூலைக்கு வருமுன் கரைந்துபோயிருக்கும். என்னுடையதில் கோடு மூலையைத் தாண்டி ஒட்டுக்குள்ளேயே போயிருந்தது. ஒட்டு இரண்டு தகட்டின் மேலேயும் பாலாடை மாதிரி படிந்திருந்தது, அடியைத் தொடவே இல்லை. போதாதென்று உள்ளே குண்டூசி குத்தின மாதிரிப் புள்ளிகள்.

அறுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்த எண்ணம் நாற்பது கையைப் பற்றியதல்ல. அவனுடைய ஒட்டை இப்படி அறுத்தால் கோடு எங்கே நிற்கும் என்பதுதான். அதைப் பார்க்க வேண்டும் என்று உயிர் துடித்தது. எங்கே நிற்கும் என்று தெரியவும் தெரிந்தது.

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன் அவனிடம் துண்டைக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"கம்பி எங்கண்ணே வைக்கிறீங்க?" என்று கேட்டான்.

"வீட்ல. அடுப்புக்கு மேல, வெறகு காயப் போடுற பரண்ல. இங்க வச்சா பனியில ஈரம் கோக்கும்ல."

மேசையில் கிடந்த என் கம்பி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். "அண்ணே, இதுல கருவாடு ஏதும் சுட்டீங்களா? பொக மணக்குது. அந்தப் பொகதான் உள்ள புள்ளி புள்ளியா நிக்கிது. ஈரம் கூட இந்தளவு செய்யாது."

இரண்டு வருடமாக நான் அதை என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். மழைக்காலத்தில் விறகை அங்கே வைக்காத வீடு எங்கள் லயத்தில் இல்லை. கம்பியையும் வைத்தேன்.

"அது சின்ன விசயம்" என்றான். "கோடு உள்ள போயிருக்கே, அதான் பெரிசு. எத்தன கை?"

"நாப்பதும்."

துண்டை மேசையில் வைத்தான். நான்தான் கேட்டேன். "அன்னைக்கி நான் துண்டத் திருப்பி வச்சத நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"என்னாத்த சொல்றது? அப்ப நான் ஊருக்கு வந்து நாலு மாசம். வந்ததும் வராததுமா பதினோரு வருசம் இருக்கிறவர மொதலாளி முன்னால அசிங்கப்படுத்துனான்னு பேரு வரும். எனக்கும் அன்னைக்கி ராவெல்லாம் ஒங்க மேல ஆத்திரந்தான். கை மாட்டுறதுக்குள்ள சொல்லணும்னு இருந்தேன். பெக்டரிக்கே போன் எடுக்கிறதா, ஒங்கள்ட்ட பேசுறதான்னுதான் யோசிச்சேன்."

அவன் பெக்டரிக்குப் போன் எடுத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். உடம்பு கூசியது. அதோடு, சொல்லாமல் இருந்ததிலும் அவன்தான் பெரிய மனிதனாக நிற்கிறான் என்று ஒரு எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

முதலாளியிடம் நானே சொன்னேன். வைஸில் திருப்பி வைத்தது வரை சொன்னேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"ஒன்ன நம்பித்தானப்பா சுத்தியல ஒங்கையில குடுக்குறது" என்றார். பிறகு, "ஐயாவுக்கு நான் போன் பண்றேன். கையெல்லாம் திரும்ப வரட்டும். அவன் ஒட்டட்டும். கூலிய நான் பாத்துக்குறேன், கேஸும் கம்பியும் ஒன்னோட செலவு" என்றார். அலுமினியம் இனி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கேஸுக்கு என்னிடம் காசில்லை. கடையில் ஆர்கன் சிலிண்டர் கடனுக்குத் தர மாட்டார்கள். அவன் சொந்தமாகக் கடை போடுகிற யோசனையில் ஒரு சிலிண்டரும் இரண்டு கிலோ கம்பியும் வாங்கி வீட்டில் வைத்திருந்தான். த்ரீவீலில் கொண்டுவந்து இறக்கினான். இருபத்தாறாயிரம் ரூபாய். "மெதுவாக் குடுங்கண்ணே" என்றான்.

ஐந்து நாள். நான் கிரைண்டரால் என் ஒட்டுகளைத் தோண்டி எடுத்தேன். சிலது கிரைண்டர் தொட்டதுமே கழன்று வந்தன. அவன் தகட்டைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஒட்டினான். கடைசிக் குழியை ஒவ்வொன்றிலும் நிரப்பி முடித்தான். கையெல்லாம் முடிந்ததும் அவன் ஒட்டிய துண்டு ஒன்றை அறுத்து நானே கோஸ்டிக்கில் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கோடு மூலைக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. ஒட்டு தகட்டுக்குள் வேர் விட்ட மாதிரி இறங்கியிருந்தது. குறை கண்டுபிடிக்க எமரித் தாளை மாற்றி மாற்றி மூன்று தரம் தேய்த்தேன்.

கைகளை மாட்டிவிட்டார்கள். சாக்குகள் ஓடுகின்றன. விசயத்தை மனைவியிடம் நானே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நல்ல வேள சொன்னீங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கைகள் அழகாக இருக்கின்றன என்று ஒரு தரமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்காகத்தான் என்று தெரிகிறது. அண்ணாந்து பார்ப்பாளா என்று எனக்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது, கேட்பதில்லை.

நான் இப்போது கேட் வேலை செய்கிறேன். சம்பள நாளில் அவனிடம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று கொடுப்பேன். அவன் எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். ஒரு மாதம் கொடுக்க முடியவில்லை. அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போன சம்பளத்தோடு ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்து முடித்திருக்கிறேன். இன்னும் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டும்.